தோசைக்கல்லும் டி கிரேடும்

அக்கா மகள் அனுப்பிய கட்டுரை பாட்டியின் தோசைக்கல்லில் ஆரம்பித்தது. அவள் கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அங்கிருந்து கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலுக்கு, நேராக மூன்றாம் வருடத்தில் சேர வேண்டும். அதற்கான விண்ணப்பக் கட்டுரை அது. தோசை ஓரம் முறுகுவதிலிருந்து வெப்பக் கடத்தல், அங்கிருந்து பாட்டியின் பொறுமை, கடைசியில் உலகை மாற்றும் பொறியாளர். “படிச்சா கண்ணு கலங்குதா சித்தி?” என்று கேட்டாள். கலங்கியது. அதுதான் கோளாறு.

அந்தப் பல்கலைக்கழகம் நான்கு கேள்விகளுக்குப் பதில் கேட்கிறது. ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள். பள்ளி முடித்து வருபவர்கள் எட்டில் எந்த நான்கையும் எடுத்துக்கொள்ளலாம். கல்லூரி மாறுபவர்களுக்கு ஒன்று கட்டாயம்: இந்தத் துறைக்கு உன்னை எப்படித் தயார் செய்துகொண்டாய்? மீதி ஏழில் மூன்று அவர்கள் விருப்பம். பதினேழு வயதுக்காரரிடம் ‘நீ யார்’ என்று கேட்கலாம். காட்ட அவரிடம் வீடும் பள்ளியும்தான் இருக்கும். இரண்டு வருடம் கல்லூரியில் இருந்தவரிடம் ‘என்ன செய்தாய்’ என்று கேட்பதே நியாயம். அக்கா மகள் இரண்டாவது கேள்விக்கு முதல் கேள்வியின் பதிலை எழுதியிருந்தாள்.

தப்பு முழுக்க அவளுடையது அல்ல. 1996-இல் கொண்டுவந்த 209-ஆம் முன்மொழிவுக்குப் பிறகு கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்க முடியாது. 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அந்தக் கதவைச் சாத்தியது. ஆனால் இனம் தன் வாழ்க்கையைப் பாதித்த விதத்தை ஒரு மாணவர் எழுதினால் படிக்கத் தடையில்லை என்று அதே தீர்ப்பு சொல்கிறது. அடையாளத்தின் சுமை விண்ணப்பப் படிவத்திலிருந்து இறங்கிக் கட்டுரையின் தலையில் ஏறிவிட்டது. பிறகு ஆளுக்கொரு பாட்டி வராமல் என்ன செய்வாள்?

கட்டுரையின் நடுவே ஒரு வரி: ‘கணிதத்தில் சில சவால்களைக் கடந்தேன்.’ அது என்ன என்று போனில் கேட்டேன்.

“ஃபர்ஸ்ட் செமஸ்டர் கால்குலஸ்ல டி கிரேடு. அப்பாவுக்கு வேலை போன சமயம், தினமும் ராத்திரி கடையில நின்னேன். திரும்ப எடுத்து பி வாங்கினேன். இப்ப அதே பாடத்துக்கு டியூட்டர்.”

“இதை ஏன்டி எழுதலை?”

“யாராவது தோத்ததைப் போய் எழுதுவாங்களா சித்தி?”

எடுத்த பாடம், வாங்கிய கிரேடு எல்லாவற்றையும் விண்ணப்பத்திலேயே நிரப்பியாக வேண்டும். அந்த டி ஏற்கனவே அங்கே ஊமையாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வாய் கொடுக்கக்கூடிய இடம் இந்தக் கட்டுரை.

‘விழுந்தேன், எழுந்தேன்’ என்பதும் தோசைக்கல் மாதிரியே தேய்ந்த வார்ப்பு. அதிலிருந்து தப்பிக்க ஒரே வழி விவரம்தான். இரண்டாவது பிரதியை அவள் சங்கிலி விதியில் ஆரம்பித்தாள். தன்னிடம் வரும் மாணவர்கள் வெளிச் சார்பை வகையிட்டுவிட்டு உள்ளே இருப்பதை மறந்துவிடுகிறார்கள். தானும் அங்கேதான் நின்றுபோனாள், அதனால் பேனா எங்கே தயங்கும் என்று தெரியும் என்கிறாள். டி வருகிறது, கடை வேலை ஒரே வாக்கியத்தில் வருகிறது. கண் கலங்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு இடம் கொடுக்கலாம் என்று தோன்றியது.

கடைசி வரியில் உலகை மாற்றும் பொறியாளர் மட்டும் அப்படியே இருந்தார். எடுத்துவிடச் சொன்னேன்.

“அது இருக்கட்டும் சித்தி. அது நிஜமாவே ஆசை.”

அதற்கு மேல் நான் பேசவில்லை.