நின்ற வண்டிக்கு யார் வருவார்?

நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டால் இன்று நாம் நான்கு இடங்களில் உதவி கேட்கலாம். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033, இன்சூரன்ஸோடு கூடுதலாக வாங்கும் ஆர்.எஸ்.ஏ. (ரோட்சைட் அசிஸ்டன்ஸ்), கார் கம்பெனி தரும் உதவி எண், பக்கத்து ஊர் மெக்கானிக் அல்லது தனியார் ரெக்கவரி வண்டி. நான்கும் ஒரே வேலையைச் செய்பவை என்று நினைத்துத்தான் பலரும் நடுவழியில் ஏமாறுகிறார்கள். ஒவ்வொன்றும் எதற்காக ஏற்பட்டது, எங்கே கைவிடுகிறது என்று பார்த்த பிறகுதான் தீர்ப்புக்கு வர முடியும்.

முதலில் அளவுகோல். எத்தனை கிலோமீட்டர் இலவசமாக இழுத்துச் செல்வோம் என்பதையே விளம்பரங்கள் பெரிதாகச் சொல்கின்றன. என் பார்வையில் அது கடைசிக் கேள்வி. வண்டியில் வந்தவர்கள் எவ்வளவு நேரம் ஆபத்தில் நிற்கிறார்கள் என்பதே முதல் கேள்வி. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவை பின்னாலிருந்து மோதியவை. நின்ற வண்டியில் மோதியவை தனிக் கணக்கு. ஆகவே தாமதத்தை வெறும் சிரமம் என்று ஒதுக்க முடியாது, அது உயிர் சம்பந்தப்பட்டது. இரண்டாவது கேள்வி, சொன்ன நேரமும் சொன்ன காசும் மாறாமல் இருக்கின்றனவா என்பது. மூன்றாவது, அந்த இடத்திலேயே சரிசெய்யும் ஆள் வருகிறாரா என்பது. நான்காவது, வண்டி சேதமில்லாமல் போய்ச் சேருகிறதா என்பது.

1033-ஐ எடுத்துக்கொள்வோம். 2018 முதல் இயங்கும் எண் இது. அழைத்தால் அந்தப் பகுதிச் சுங்கச்சாவடிக்குத் தகவல் போகும். அங்கே ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் வைத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ரோந்து வண்டி வந்து பின்னால் சிவப்புக் கூம்புகளை வரிசையாக வைத்து, விளக்கைச் சுழலவிட்டு நின்றாலே பாதி ஆபத்து நீங்கிவிடும். முதல் அளவுகோலில் இதற்கு இணையான சேவை வேறில்லை. ஆனால் சாலையை மறித்து நிற்கும் வண்டியை ஓரங்கட்டிப் பாதுகாப்பான இடத்தில் விடுவதோடு அதன் பொறுப்பு முடிந்தது. பழுதுபார்ப்பதோ வீடு சேர்ப்பதோ அதன் வேலை அல்ல. இது தெரியாமல் “டோல்காரர்கள் பாதியில் விட்டுப் போய்விட்டார்கள்” என்று குறைப்படுவது நியாயமில்லை. மாநில நெடுஞ்சாலையிலும் ஊர்ச் சாலையிலும் இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை என்பதுதான் உண்மையான குறை.

அடுத்தது ஆர்.எஸ்.ஏ. ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான் என்பதால் யோசிக்காமல் வாங்கிவிடுகிறோம். பஞ்சர், பேட்டரிக்கு ஜம்ப் ஸ்டார்ட், காருக்குள் மாட்டிக்கொண்ட சாவி, தீர்ந்துபோன பெட்ரோல், இழுத்துச் செல்லுதல் என்று பட்டியல் நீளமானது. நிபந்தனைகளும் நீளமானவை. ஆண்டுக்கு இத்தனை முறைதான், இத்தனை கிலோமீட்டர்தான், பெட்ரோலுக்கும் உதிரிபாகத்துக்கும் காசு தனி என்று பாலிசிக்குப் பாலிசி மாறும். இந்த வரம்புகளை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த விலைக்கு வரம்பில்லாத சேவையை யாராலும் தர முடியாது.

கோளாறு அதன் அமைப்பில் இருக்கிறது. நாம் பணம் கட்டுவது இன்சூரன்ஸ் கம்பெனிக்கு. போனை எடுப்பது அந்தக் கம்பெனி ஒப்பந்தம் செய்துள்ள உதவி நிறுவனத்தின் கால் சென்டர், பெரும்பாலும் வேறு மாநிலத்தில். வருவது அந்த நிறுவனம் வேலை கொடுக்கும் உள்ளூர் ரெக்கவரி வண்டி. மூன்று கை மாறும்போது பொறுப்பு எந்தக் கையிலும் தங்குவதில்லை. விக்கிரவாண்டிக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே ஒரு முன்னிரவில் என் வண்டி நின்றபோது கால் சென்டரில் முதலில் கேட்டது அந்த இடத்தின் பின்கோடு. எதிரே நின்ற கிலோமீட்டர் கல்லைப் படித்துச் சொன்னேன். அவர்கள் படிவத்தில் அதற்கு இடமில்லை. நம் தேசிய நெடுஞ்சாலைகளில் கிலோமீட்டருக்கு ஒரு கல்லும், நடுவில் 200 மீட்டருக்கு ஒரு சிறு கல்லும் நட்டிருக்கிறார்கள். இருட்டில் நிற்பவர் தன் இடத்தைத் துல்லியமாகச் சொல்ல அதைவிட எளிய வழி இல்லை. சாலை உதவி விற்கும் சேவைக்கு அந்தக் கல்லைப் படிக்கத் தெரியாது என்றால், அந்தச் சேவையை வடிவமைத்தவர்கள் சாலையை நினைத்து வடிவமைக்கவில்லை.

மற்றவர்கள் சொல்லும் குறைகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒரு மணி நேரம் என்று சொன்னது மூன்று மணி நேரமாகிறது. வண்டி வராமலே “உங்கள் கோரிக்கை முடிக்கப்பட்டது” என்று எஸ்.எம்.எஸ். வருகிறது. வந்தவர் டோல் கட்டணத்தையும் கூடுதல் தூரத்துக்கான காசையும் கையில் கேட்கிறார். ரெக்கவரி வண்டியின் கேபினில் இருவர்தான் உட்கார முடியும், குழந்தைகளோடு வந்த குடும்பம் எதில் போவது என்பதற்குப் பதில் இருப்பதில்லை.

ரெக்கவரி வண்டிக்காரர் பக்கத்தையும் கேட்க வேண்டும். ஒரு வேலைக்கு இவ்வளவு என்று பேசிய தொகைக்கு அவர் நாற்பது கிலோமீட்டர் காலியாக ஓடி வருகிறார். தப்பாகச் சொன்ன இடத்தைத் தேடி அலைந்தால் டீசல் நஷ்டம் அவருக்கு. ஓடாத பழைய காரை ஊர் மாற்ற ஆர்.எஸ்.ஏ.வை இலவச லாரியாகப் பயன்படுத்துவோரும் உண்டு. அத்தனையும் தாண்டி நடு இரவில் வந்து இறங்கி, “அண்ணே, ஹேண்ட் பிரேக்கை எடுத்துட்டு நியூட்ரல்ல போடுங்க” என்று அவர் சொல்லும்போது வரும் நிம்மதியை மறைக்க முடியாது. பம்பரில் சின்ன மூடியைக் கழற்றி, டூல் கிட்டில் இருக்கும் வளையத்தைத் திருகி, விஞ்சு கம்பியை மாட்டி, சாய்ந்த மேடையில் காரை மெதுவாக ஏற்றி, நான்கு சக்கரங்களையும் பட்டையால் கட்டுகிறார். தேர்ந்த கைவேலை அது. தவறு அவரிடம் தொடங்கவில்லை.

ஆனால் பிளாட்பெட் என்னும் அந்த மேடை வண்டி எல்லோருக்கும் வருவதில்லை. பல நேரம் முன்சக்கரங்களை மட்டும் தூக்கி இழுக்கும் வண்டிதான் வருகிறது. முன்சக்கரத்தால் இயங்கும் சாதாரண காருக்கு அது போதும். பின்சக்கர இயக்கமோ நான்கு சக்கர இயக்கமோ உள்ள ஆட்டோமேட்டிக் காரையும், எலெக்ட்ரிக் காரையும் அப்படி இழுப்பது ஆபத்து. இயங்கும் சக்கரங்கள் தரையில் உருண்டால் கியர்பாக்ஸ் கெடும். எலெக்ட்ரிக் காரில் மோட்டாரே ஜெனரேட்டர்போல் சுற்றிச் சேதமாகும். நிறைய மாடல்களின் கையேட்டிலேயே பிளாட்பெட்டில்தான் ஏற்ற வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். எந்த வண்டி என்று கேட்டுவிட்டு அதற்குப் பொருந்தாத ரெக்கவரியை அனுப்பினால் அது உதவியாகாது.

கார் கம்பெனியின் உதவி எண் இந்த ஒரு விஷயத்தில் மேல். மாடலுக்கு ஏற்ற வண்டி வர வாய்ப்பு அதிகம், வாரண்டிக்கும் சிக்கல் வராது. ஆனால் அவர்களும் பெரும்பாலும் அதே உள்ளூர் வண்டிகளையே அனுப்புகிறார்கள். சிறு பழுதானாலும் வண்டி தங்கள் சர்வீஸ் சென்டருக்கே போக வேண்டும் என்பதில்தான் அவர்களுக்கு அக்கறை.

மூன்றாவது அளவுகோலில், அதாவது அந்த இடத்திலேயே சரிசெய்வதில், பக்கத்து ஊர் மெக்கானிக்கை மிஞ்ச ஆளில்லை. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வருகிறதா, ஹெட்லைட் மங்குகிறதா என்று பார்க்கிறார். பானெட்டைத் திறந்தால் பேட்டரி டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறது. பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கழற்றி, வெந்நீர் ஊற்றி, உப்புத்தாள் தேய்த்து முறுக்கினால் வண்டி கிளம்பிவிடுகிறது. அதே காரை ஆர்.எஸ்.ஏ. ஐம்பது கிலோமீட்டர் இழுத்துப்போய் மறுநாள் காலைவரை ஒர்க் ஷாப் வாசலில் நிறுத்தியிருக்கும். ஆனால் மெக்கானிக் சேவைக்கு உத்தரவாதம் இல்லை. ஞாயிறு இரவு கடை இருக்காது. ஆளின் அவசரம் பார்த்து விலை ஏறுவதும் உண்டு.

மெக்கானிக்கையே முதலில் அனுப்பும் முறை வெளிநாடுகளில் வெகுநாளாக உண்டு. இங்கிலாந்தில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் 1905-இல் தொடங்கியது. ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. 1903-இல் தோன்றி, 1954 முதல் தன் சாலை ரோந்துப் படையை நடத்துகிறது. மஞ்சள் வண்டியில் வரும் அவர்களை மக்கள் மஞ்சள் தேவதைகள் என்றே அழைக்கிறார்கள். அங்கே முதலில் வருபவர் கருவிகளோடு வரும் மெக்கானிக். அவரால் முடியாதபோதுதான் இழுக்கும் வண்டி. நம் ஆர்.எஸ்.ஏ. பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. அங்கே கோடிக்கும் மேற்பட்டோர் நேரடி உறுப்பினர்கள், அதனால் கட்டுப்படியாகிறது என்று வாதிடலாம். கார் பாலிசி வாங்குவோர் நம் நாட்டிலும் குறைவில்லை. அவர்கள் பணம் மூன்று கைகளில் பிரிகிறது என்பதுதான் வித்தியாசம்.

இதுவரை பார்த்தது காரைப் பற்றி. தமிழ்நாட்டில் சாலையில் நிற்பவர்களில் டூவீலர்காரர்களும் ஏராளம். அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது இன்னொரு வண்டிக்காரர் காலால் தள்ளிவிட்டு உடன் ஓட்டிவரும் உதவிதான். லாரி டிரைவர்கள் பின்னால் கல்லையும் மரக்கிளையையும் வைத்துவிட்டு இரவெல்லாம் காத்திருக்கிறார்கள். வண்டி போன பிறகும் கிடக்கும் அந்தக் கல் இன்னொரு டூவீலரைக் கவிழ்க்கிறது. இவர்களைச் சேர்க்காத எந்த மீட்புச் சேவையும் முழுமையானதல்ல.

என் தீர்ப்பு இது. ஆர்.எஸ்.ஏ. வாங்குங்கள், அந்த விலைக்கு அது தகும். ஆனால் அதை நகரத்துக்குள் நம்புங்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் முதல் அழைப்பு 1033-க்கு, கிலோமீட்டர் கல்லைப் படித்துச் சொல்லி. சிறு பழுதுக்கு உள்ளூர் மெக்கானிக். ஆட்டோமேட்டிக், எலெக்ட்ரிக் கார் என்றால் பிளாட்பெட் வந்தால் ஒழிய ஏற்ற விடாதீர்கள்.

சேவை என்ற அளவில் ஆர்.எஸ்.ஏ. இன்று தேறவில்லை. வருகை நேரத்திலும் பொறுப்பிலும் அது தோற்கிறது. கிளெய்ம் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளின் கணக்கு வெளிவருகிறது. அதேபோல் ரெக்கவரி வண்டி எத்தனை நிமிடத்தில் வந்தது என்ற கணக்கையும் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். அந்த எண் கண்ணெதிரே இருந்தால் மக்கள் அதைப் பார்த்துப் பாலிசி வாங்குவார்கள், கம்பெனிகளும் உள்ளூர் வண்டிக்காரருக்கு உரிய காசைக் கொடுத்து நேரத்துக்கு அனுப்பும். அதுவரை நாம் வாங்குவது ஒரு போன் நம்பரை மட்டுமே.