அஞ்சு கட்டையில் ஒரு ஹம்

முதல் நாள் அதைத் தம்புரா என்றுதான் நினைத்தேன். எம்.எஸ். பாடிய ‘ஓ ரங்கசாயி’யை வாக்மேனில் ஓடவிட்டு, அப்பாவின் பழைய ஸ்டீரியோவில் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினேன். காம்போதிக்கு அடியில் கனமாக ஒரு ரீங்காரம். சுருதி என்னமாய்ச் சேர்ந்திருக்கிறது என்று பூரித்துப்போய்ப் பாட்டை நிறுத்தினேன். ரீங்காரம் நிற்கவில்லை.

அது தம்புரா இல்லை, கரண்டின் ஹம். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பாடகிகள் பலர் பாடும் ஐந்து கட்டையின் ஆதார ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். அதிலிருந்து இரண்டு ஸ்தாயி இறங்கினால் 49. ஆக, மின்சார வாரியம் நமக்கெல்லாம் ஓசியில் ஒரு சுருதிப் பெட்டி கொடுத்திருக்கிறது. என்ன, கால் இழை மேலே நிற்கும். வாக்மேனைச் சார்ஜரில் போட்டபடியே ஆம்ப்ளிஃபையரில் மாட்டியிருந்தேன். சார்ஜர் ஒரு பிளக்கில், ஆம்ப்ளிஃபையர் இன்னொரு பிளக்கில், இரண்டுக்கும் நடுவே ஆடியோ ஒயர். அந்தச் சுற்று வழியாக ஹம் உள்ளே வந்துவிட்டது. சார்ஜரைப் பிடுங்கினேன், போயே போய்விட்டது.

கருவி சோனியின் என்டபிள்யூ-ஏ306. 2023-இல் இந்தியாவுக்கு வந்தபோது விலை ஏறக்குறைய 26 ஆயிரம் ரூபாய். சட்டைப் பைக்குள் அடங்கும், 113 கிராம். ஆண்ட்ராய்டு 12-இல் ஓடுகிறது, வைஃபை உண்டு, ஹெட்ஃபோனுக்கு 3.5 மில்லிமீட்டர் துளை உண்டு. 1979 ஜூலையில் வந்த முதல் வாக்மேனில் கேசட்டைத் தவிர வேறு வழியில்லை. ஐபாடை ஆப்பிள் 2022-இல் நிறுத்திவிட்டது. இந்தக் காலத்தில் பாட்டுக்கென்று தனிக் கருவி வாங்குகிறவன் ஒன்று பைத்தியக்காரன், இல்லையென்றால் வீட்டில் கேசட் குவித்து வைத்திருப்பவன். நான் இரண்டாவது ரகம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா திருச்சி வானொலிக் கச்சேரிகளை டேப்பில் பிடித்து வைப்பார். 1939-இல் தொடங்கிய நிலையம் அது. காவிரிக்கு இந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில், பல வீடுகளில் சங்கீத ஞானம் அந்தப் பெட்டி வழியாகத்தான் வந்தது. அந்த டேப்புகளையும் கையிலிருந்த சிடிக்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறேன். சிடி தரத்தில் ஒரு நிமிடப் பாட்டு சுமார் 10 எம்பி. மூன்று மணி நேரக் கச்சேரி 2 ஜிபியை நெருங்கும். தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் ஆக்கினால் ஏறக்குறைய பாதி. வாக்மேனின் 32 ஜிபியில் நமக்கு மிஞ்சுவது 18 ஜிபி போலத்தான். மெமரி கார்டு போடலாம். ஆனால் புதிதாக ஒரு டேப்பை ஏற்றும்போதெல்லாம் கார்டைக் கழற்றி மாட்டுவதற்குப் பதில், கம்ப்யூட்டரிலிருந்தே வீட்டு நெட்வொர்க் வழியாக இழுத்துக் கேட்டால் என்ன என்று தோன்றியது. வேலை அங்கே ஆரம்பித்தது.

மென்பொருள் பக்கம் பெரிய சிரமம் இல்லை. கம்ப்யூட்டரில் பாட்டு ஃபோல்டரை ஷேர் செய்துவிட்டு, வாக்மேனில் பிளே ஸ்டோரிலிருந்து விஎல்சியை இறக்கிக்கொண்டால் போதும். லோக்கல் நெட்வொர்க் என்ற இடத்தில் கம்ப்யூட்டரின் பெயர் தெரியும். தொட்டுத் திறந்து பாட வைக்கலாம்.

சிரமம் கொடுத்தது சுவர். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகள் ரயில் பெட்டி மாதிரி. திண்ணை, ரேழி, கூடம், மித்தம், சமையலுள், கொல்லை என்று நீண்டுகொண்டே போகும். எங்கள் உத்திர வீதி வீட்டில் இன்டர்நெட் ஃபைபர் வாசலில் நுழைகிறது, ரவுட்டரும் அங்கேயே. ஸ்டீரியோ கூடத்தில். நடுவில் ஒன்றரை அடிக்குச் செங்கலும் சுண்ணாம்புக் காரையும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ரேழியைத் தாண்டவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் கூடம் வரை வந்தது, ஆனால் ஆலாபனையில் தார ஸ்தாயிக்குப் போகும் நேரம் பார்த்து மூச்சு வாங்கியது. சிடி தரத்துக்கு விநாடிக்கு 1.4 மெகாபிட் போதும், நூறு மெகாபிட் கனெக்ஷனில் அது கொசு. ஆகவே வேகமான பிளானுக்கு மாறிப் பயனில்லை. இருபது மீட்டர் லேன் ஒயரை உத்தரத்தை ஒட்டி இழுத்துவந்து, பரணில் கிடந்த பழைய ரவுட்டரைக் கூடத்தில் ஆக்சஸ் பாயிண்டாக மாட்டினேன். அதன்பின் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

கரண்ட் போய் வந்தால் மட்டும் கம்ப்யூட்டர் காணாமல் போகும். ரவுட்டர் மறுபடி உயிர் பெறும்போது ஆளுக்கு ஒரு புது முகவரி கொடுத்துவிடுவதுதான் காரணம். ரவுட்டர் செட்டிங்கில் கம்ப்யூட்டருக்கென்று ஒரு ஐபி முகவரியை ஒதுக்கி வைத்துவிட்டால் தீர்ந்தது.

ஹம்முக்கு முன்னால், சத்தமே வராத ஒரு வாரமும் இருந்தது. அப்பாவின் ஆம்ப்ளிஃபையர் எண்பதுகளில் வாங்கியது. பின்பக்கம் இப்போதைய சிவப்பு வெள்ளை சாக்கெட்டுகள் கிடையாது. அரை வட்டத்தில் ஐந்து துளை உள்ள டின் சாக்கெட். ஆன்லைனில் வரவழைத்த கேபிளைச் செருகினேன். மயான அமைதி. ஸ்பீக்கர்தான் போய்விட்டது என்று முடிவுகட்டி, மெயின் கார்டு கேட் பக்கம் ரேடியோ ரிப்பேர் செய்கிற ஒருவரிடம் கேபிளை மட்டும் எடுத்துப்போனேன். மீட்டரை வைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“சார், இது ரெக்கார்டிங் ஒயரு. ஒண்ணுலயும் நாலுலயும் போட்டிருக்கான். அது ஆம்ப்ளிஃபையர்லேருந்து வெளிய வர்ற வழி. உள்ள போறதுக்கு மூணும் அஞ்சும். ரெண்டு எர்த்து.”

பத்து நிமிடத்தில் மாற்றிப் பற்றவைத்துக் கொடுத்தார். ஆம்ப்ளிஃபையரில் ‘ஃபோனோ’ என்று இன்னொரு சாக்கெட் இருந்தால் ஆசைப்பட்டு அதில் மாட்டிவிடாதீர்கள். அது இசைத்தட்டின் மெல்லிய சிக்னலுக்கானது. வாக்மேனை மாட்டினால் பாட்டு நொறுங்கிப்போகும். டேப், ஆக்ஸ், டியூனர் எதிலும் மாட்டலாம். வாக்மேனின் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் வைத்துவிட்டு, மிச்சத்தை ஆம்ப்ளிஃபையரில் திருகுங்கள்.

ஒயரே வேண்டாமென்றால் புளூடூத் ரிசீவர் ஒன்றை ஆம்ப்ளிஃபையரில் செருகலாம். வாக்மேன் எல்டாக் முறையில் விநாடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும், ரிசீவருக்கும் எல்டாக் தெரிந்திருந்தால். மலிவு ரிசீவர்கள் பெரும்பாலும் எஸ்பிசி என்ற அடிப்படை முறையோடு நின்றுவிடும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். மிருதங்கத்தின் தொப்பியில் ஒயர் ஜெயிக்கிறது. குரலில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, தெரிவதாகச் சொன்னால் பொய். அப்பாவின் மோனோ டேப்புகளுக்கு எதுவானாலும் ஒன்றுதான்.

இத்தனையையும் ஊஞ்சலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: “ஏண்டா, பொத்தானைத் திருகினா திருச்சி ரேடியோ பாடித்து. உனக்கு எதுக்கு இத்தனை ஒயரு?” 936 கிலோஹெர்ட்ஸ் இப்போது எங்கள் கூடத்தில் எல்இடி பல்புகளின் கரகரப்புக்கு நடுவேதான் வருகிறது. நியூஸ் ஆன் ஏர் செயலியை வாக்மேனில் ஏற்றித் திருச்சி நிலையத்தை வைத்துக் கொடுத்தேன். அந்த வாரத்தில் அம்மாவுக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான்.

பேட்டரி 36 மணி நேரம் என்பது சோனியின் கணக்கு, வைஃபையை அணைத்துவிட்டுக் கருவிக்குள் இருக்கும் சிடி தர ஃப்ளாக் கேட்டால். நெட்வொர்க்கிலிருந்து இழுத்தால் அதைவிடக் குறையும். இரவில் சார்ஜ் போட்டு, பகலில் பிடுங்கிவிட்டுக் கேட்கிறேன். ஹம்முக்கும் அதுதான் மருந்து.

ஸ்ட்ரீமிங் செயலிகளில் மட்டுமே பாட்டுக் கேட்பவர் என்றால் இந்த 26 ஆயிரம் தண்டம். கையிலிருக்கும் ஃபோனும் சில நூறு ரூபாய் அடாப்டரும் போதும். சொந்தமாகச் சேர்த்த கச்சேரிகள் இருந்து, கேட்கும்போது ஃபோன் மணி அடிக்கக் கூடாது என்று நினைப்பவர் வாங்கலாம். எதுவானாலும், கேபிள் வாங்கக் கிளம்புமுன் ஆம்ப்ளிஃபையரின் முதுகை ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.