பெயருக்கும் மதகு உண்டு

திருவாரூரில் ஒரு வீட்டின் மேசைக்கடியில் ஓடும் சிறு கணினியில் இணையதளம் வைப்பவருக்கு டொமைன் பெயர் அலங்காரமாகத் தோன்றலாம். ஐபி எண்தான் இருக்கிறதே. ஆனால் வீட்டு இணைப்பின் எண் பெரும்பாலும் நிலையானதல்ல. ரவுட்டர் அணைந்து எழுந்தாலே மாறிவிடலாம். பெயர் மாறாது. அந்தப் பெயரைத் தேடிப் போகும் வழியோ டெல்டாக்காரருக்குப் பழகிய அமைப்பு. கல்லணையில் பிரியும் வெண்ணாறு கிளை ஆறாகி, வாய்க்காலாகி வயலை அடைவதுபோல, கேள்வி முதலில் மூலச் சர்வருக்குப் போகிறது, அது ‘.இன்’ பக்கம் கைகாட்டுகிறது; அங்கிருந்து அந்தப் பெயருக்குரிய சர்வர். எல்லாப் பெயர்களையும் எழுதிவைத்த ஒற்றைப் பேரேடு எங்கும் கிடையாது. ஒவ்வொரு மதகுக்கும் அடுத்த மதகைத் தெரிந்தால் போதும். 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் வடிவமைத்த இந்தப் பெயர் அமைப்பு இன்றும் தாக்குப்பிடிப்பது இந்தச் சிக்கனத்தால்தான்.

ஆண்டுதோறும் பணம் கட்டும் பெயர் சொந்தமாகுமா என்பார்கள். ஆகாது, குத்தகைதான். ஆனாலும் என்ன பயிரிடுவது என்பது குத்தகைதாரர் கையில். பிறர் தளத்தில் கிடைக்கும் இலவசப் பக்கமோ பிறர் வீட்டுத் திண்ணை. எண் மாறுமே என்றால், பெயரை எண்ணோடு இணைக்கும் ‘ஏ’ பதிவைத் திருத்த ஒரு சிறு நிரல் போதும். பதிவை நினைவில் வைக்கும் நேரமான டிடிஎல்லை 300 நொடியாக வைத்தால் பழைய எண் சீக்கிரம் மறக்கப்படும். இவற்றைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: சில இணைய நிறுவனங்கள் ஒரே பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகின்றன. அங்கே பெயர் மட்டும் கதவைத் திறக்காது. தனி எண் தரும் ஐபிவி6 வேண்டும், அல்லது வெளிச் சர்வர் வழியே ஒரு சுரங்கம். பெயரைத் தமிழிலேயே வைக்க ‘.இந்தியா’ இருக்கிறது, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ போல. அடியில் மட்டும் அது ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ரோமன் எழுத்துக் கோவையாக ஓடுகிறது.