ரயில் எங்கிருந்து வந்தது?

இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் கிழக்காசிய இலக்கியம் பற்றிக் கருத்தரங்கு நடத்தினார்கள். என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். பேராசிரியர்கள் நடுவில் பேசுவதென்றால் எனக்குக் கூச்சம்தான். ஆனால் யாசுனாரி கவாபாத்தாவின் 'பனி நாடு' பற்றிப் பேசலாம் என்றதும் ஒப்புக்கொண்டுவிட்டேன். இருபது வருஷமாக நான் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பப் படித்து வருகிற நாவல் அது. அதன் முதல் வாக்கியத்தைப் பற்றி மட்டுமே பத்து நிமிஷம் பேசினேன். ரயிலை முதல் சொல்லாக வைத்து, வாசகனையும் அதில் ஏற்றி, சுரங்கத்துக்கு அப்பால் கொண்டுபோய் இறக்கிவிடும் கவாபாத்தாவின் சாமர்த்தியத்தைப் புகழ்ந்தேன்.

பேசி முடித்ததும் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி படிக்கிறவளாம். "ஸார், மூலத்தில் அந்த வாக்கியத்தில் ரயிலே இல்லையே?" என்று கேட்டாள்.

சபையில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அவள் சொன்னது உண்மை. அந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை. சுரங்கம் உண்டு, அதைக் கடப்பதும் உண்டு, கடந்தால் பனி நாடு உண்டு. கடப்பது ரயிலா, பிரயாணியா, அவன் கண்களா என்று ஆசிரியர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதில்தான் அதன் அழகெல்லாம் இருக்கிறது. 1956ல் அதை ஆங்கிலமாக்கிய எட்வர்ட் சைடன்ஸ்டிக்கருக்கு எழுவாய் இல்லாமல் வாக்கியம் அமைக்க வழியில்லை. ஆகவே ரயிலைக் கொண்டுவந்து வைத்தார். குற்றம் அவருடையதல்ல. மொழிபெயர்ப்பாளரின் நிர்ப்பந்தத்தை ஆசிரியரின் சாமர்த்தியமாக நினைத்துப் புகழ்ந்த குற்றம் என்னுடையது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தமிழுக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. தோன்றா எழுவாய் என்று நம் இலக்கணத்தில் பெயரே இருக்கிறது. ஒரு வினையெச்சத்தைப் போட்டு, யார் எது என்று சொல்லாமலே, பனியில் கொண்டு நிறுத்த நம்மால் முடியும். ஆனால் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினால் அந்த ரயிலும் கூடவே வந்துவிடும். நாவலின் அமைப்பைப் பற்றியும் பாத்திரங்களைப் பற்றியும் ஆங்கிலத்தை நம்பிப் பேசலாம். வாக்கியத்தைப் பற்றிப் பேசக்கூடாது. பேசுகிற விமரிசகன் யாரோ ஒருவரின் நடையை இன்னொருவர் பெயரில் புகழ்ந்துகொண்டிருப்பான்.

ஆங்கிலத்துக்கு மட்டும் ஜப்பானிய மூலத்திலிருந்து நேரே எழுதக்கூடியவர்கள் எப்படிக் கிடைத்தார்கள் என்று அதன் பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். அவர்களில் ஒருவர் ஆர்தர் வேலி. 1913ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் உத்தியோகத்தில் சேர்ந்து, அங்கிருந்த கீழ்த்திசைச் சித்திரங்களுக்காகச் சீனமும் ஜப்பானிய மொழியும் தாமாகவே கற்றுக்கொண்டவர். 'கெஞ்சி கதை'யை 1925 முதல் 1933 வரை ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். ஜப்பானுக்கு அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. முப்பத்தெட்டாம் அத்தியாயத்தை அப்படியே விட்டுவிட்டார். ஆனாலும் அவர் நடைக்கு உயிர் உண்டு. 1940ல் நியூயார்க்கில் ஒரு புத்தகக் கடையில் 49 சென்ட்டுக்கு அந்த நூலை வாங்கிய டொனால்ட் கீன் என்ற மாணவர், தம் வாழ்நாள் முழுவதையும் ஜப்பானிய இலக்கியத்துக்கே கொடுத்துவிட்டார்.

கீனும் சைடன்ஸ்டிக்கரும் அந்த மொழியைப் படித்தது அமெரிக்கக் கடற்படையின் ஜப்பானிய மொழிப் பள்ளியில். யுத்த காலத்தில் அது கொலராடோ சர்வகலாசாலையில் நடந்தது. எதிரியின் காகிதங்களைப் படிப்பதற்கான படிப்பு அது. இறந்துபோன ஜப்பானியச் சிப்பாய்களின் நாட்குறிப்புகள் கீனிடம் வந்தன. ராணுவ விஷயம் ஏதாவது அகப்படுமா என்று பார்ப்பது அவர் வேலை. தாம் உண்மையில் முதன்முதலாக அறிந்த ஜப்பானியர்கள் அந்த இறந்தவர்கள்தான் என்று பிற்காலத்தில் எழுதினார். 2012ல் ஜப்பானியப் பிரஜையாகி, 2019ல் அங்கேயே காலமானார்.

யுத்தத்துக்குப் பின்னும் அமெரிக்க சர்க்கார் பணம் கொடுத்தது இலக்கிய ஆசையால் அல்ல. 1957ல் ருஷ்யா ஸ்புட்னிக்கை விட்டது. 1958ல் தேசப் பாதுகாப்பின் பெயரால் ஒரு கல்விச் சட்டம் போட்டு, அந்நிய மொழிப் படிப்புக்குப் பணம் ஒதுக்கினார்கள். 1961ல் டோக்கியோவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை தொடங்கிய ஜப்பானிய மொழி மையம் யோகஹாமாவுக்கு மாறி இன்றும் நடக்கிறது. இத்தனைக்கும் நடுவில்தான் சைடன்ஸ்டிக்கரின் 'கெஞ்சி' 1976லும், ராயல் டைலருடையது 2001லும் வந்தன. 1968ல் நோபல் பரிசு பெற்றபோது, அதில் சைடன்ஸ்டிக்கருக்கும் பங்குண்டு என்று கவாபாத்தா சொன்னார்.

நம் தேசத்தில் இந்தக் கதை வேறு விதமாக ஆரம்பித்தது. 1937ல் சாந்திநிகேதனத்தில் தாகூர் சீன பவனத்தைத் திறந்தார். தான் யுன்ஷான் என்ற சீன அறிஞர் அதற்காகவே வந்து தங்கிப் பாடுபட்டார். சிநேகத்தால் திறந்த கதவு அது. டில்லி சர்வகலாசாலையில் சீன ஆய்வுக்கு மையம் வந்ததோ 1962 யுத்தத்துக்குப் பிறகு. பயம் வந்தால்தான் அடுத்த வீட்டுக்காரனின் பாஷையைப் படிக்கத் தோன்றும் போலிருக்கிறது.

முன்பெல்லாம் இதைச் சொல்லி நான் வருத்தப்பட்டிருப்பேன். இப்போது அவ்வளவு நிச்சயமாக வருத்தப்பட முடியவில்லை. கதவு எதற்காகத் திறக்கிறது என்பது சர்க்காரின் விஷயம். உள்ளே போனவன் எதை எடுத்துக்கொண்டு வருகிறான் என்பது அவன் விஷயம். எதிரியை வேவு பார்க்கப் படித்தவர்கள் நாவலோடு திரும்பினார்கள். ஆனால் திரும்பியவர்களுக்கு உட்கார்ந்து எழுத ஒரு நாற்காலியும், வருஷக்கணக்கில் பொறுமையோடு காத்திருக்கச் சர்வகலாசாலைகளும் இருந்தன. நம்மிடம் குறைவது அதுதான். 1954 முதல் ஜப்பான் அரசு வெளிநாட்டு மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்து வருகிறது. நம் பிள்ளைகளும் போகிறார்கள். திரும்பி வந்து ஒரு நாவலைத் தமிழாக்க ஐந்து வருஷம் வேண்டும் என்று கேட்டால், யார் கொடுப்பார்கள்?

கருத்தரங்கு முடிந்து காப்பி சாப்பிடும்போது அந்தப் பெண்ணைத் தேடிப் போய் விசாரித்தேன். "கம்பெனி வேலைக்காகத்தான் ஸார் படிக்கிறேன். நாவல் படிக்கிற அளவுக்கு இன்னும் வரவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை எங்கள் டீச்சர் போர்டில் எழுதிக் காட்டினார்" என்றாள். முதல் பக்கத்தை மட்டும் தமிழில் எழுதிப் பாரேன் என்றேன். சிரித்துவிட்டுப் போனாள்.

எட்டு மாதம் கழித்துத் தபாலில் ஒரு தாள் வந்தது. முதல் வாக்கியத்தில் ரயில் இல்லை. மூன்றாவது வாக்கியத்தில் தமிழ் கொஞ்சம் இடறுகிறது. அதைத் திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன். பிறகு, மூலம் தெரியாதவன் எதை வைத்துத் திருத்துவது என்று தோன்றியது. இரண்டாம் பக்கத்தையும் அனுப்பும்படி எழுதிப் போட்டிருக்கிறேன்.