யார் கழுவுவது?

சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம் அம்மாவுக்கு ஒரு முறுக்கு அச்சும் எங்கள் வீட்டுக்கு ஒரு காபி மேக்கரும் வாங்கக் கடைக்குப் போனோம். அம்மா, நான், என் கணவர். விற்பனையாளர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். எத்தனை வாட், எத்தனை வருட வாரண்டி என்பதையெல்லாம் கணவரைப் பார்த்துச் சொன்னார். என் பக்கம் திரும்பி, “மேடம், இதுல சிவப்பு, கறுப்பு ரெண்டு கலர் இருக்கு” என்றார். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. எங்கள் மூவரில் நாற்பத்தைந்து தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்தவர் அம்மா. பணம் என் சம்பளப் பணம். கணவருக்கு எங்கள் வீட்டு மிக்சியின் மூடி எந்தப் பக்கம் திருகும் என்பதுகூடத் தெரியாது.

இந்தக் காட்சியில் யாரும் யாரையும் அவமதிக்கவில்லை. எல்லாம் இயல்பாக நடந்தது. அந்த இயல்பைத்தான் வாசித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. கவிதையை, சிறுகதையைப் பனுவலாக வாசிக்கப் பழகிய நாம், கடைக்காரரின் பேச்சையும் விளம்பரத்தையும் பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தையும் அப்படி வாசிப்பதில்லை.

என் வயதுக்காரர்களுக்குப் பழைய இந்திக் குக்கர் விளம்பரம் ஒன்று நினைவிருக்கும். மனைவியை நேசிக்கிறவர் ப்ரெஸ்டீஜை எப்படி மறுப்பார் என்று அது கேட்டது. பேச்சு நிறுவனத்துக்கும் கணவனுக்கும் இடையில் நடக்கிறது. மனைவி படர்க்கையில் இருக்கிறாள். வாங்குகிறவன் அவன், பயன்படுத்துகிறவள் அவள், அவளுடைய வேலைக் கருவி அவனுடைய அன்புக்குச் சாட்சி. இன்றைய ஏர் ஃப்ரையர் விளம்பரங்கள் பெண்ணிடமே நேராகப் பேசுகின்றன. ஆனால் பேசுவது குடும்பத்தின் ஆரோக்கியத்தைப் பற்றி. வடையைச் சுடுவதோடு, அதைத் தின்பவரின் கொழுப்பளவுக்கும் இனி அவளே பொறுப்பு.

பாட்டியின் பித்தளை முறுக்கு அச்சு எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அதன் மேல் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருக்கும். சீராகக் கொடுத்த தாய்மாமனின் பெயர், கொடுத்த தேதி. வாழ்நாள் முழுக்க அதை அழுத்திய பாட்டியின் பெயர் அதில் இல்லை. முறுக்கு மாவு தளர்ந்தால் எண்ணெய் குடிக்கும். இறுகினால் அச்சு இறங்காது, கை வலிக்கும். ருசிக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் பாட்டி எப்போதும் ருசியின் பக்கம் நின்றார். அம்மாவும் அப்படியே. கொதிக்கும் எண்ணெய்க்கு மேலே இரண்டு கைகளாலும் உடம்பின் எடை முழுவதையும் இறக்கிப் பிழிந்ததன் கணக்கு இப்போது அவருடைய வலது மணிக்கட்டில் இருக்கிறது. நாம் அதைக் ‘கைப்பக்குவம்’ என்று பாராட்டுகிறோம். அந்தச் சொல்லில் கை இருக்கிறது, கையின் வலி இல்லை.

காபிக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. காப்பி தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாக மாறிய கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் எழுதியிருக்கிறார். அந்த அடையாளம் வீட்டுக்குள் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதை ஃபில்டரே சொல்லும். மேல் டப்பாவில் பொடியைப் போட்டு, குடைத் தகட்டால் லேசாக அழுத்தி, வெந்நீர் ஊற்றினால் கெட்டியாக இறங்குவது முதல் டிகாஷன். அது மாமனாருக்கு, கணவருக்கு, விருந்தாளிக்கு. அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கும் இரண்டாம் டிகாஷன் மருமகளுக்கு. வீட்டு வேலைக்கு வருகிறவருக்கும் அதுதான். அதுவும் பல வீடுகளில் கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைத்த தனி டம்ளரில். ஒரு சின்ன எவர்சில்வர் பாத்திரத்துக்குள் பாலினமும் சாதியும் அடுக்கடுக்காக இறங்கியிருக்கின்றன.

கருவிகள் இதை மாற்றவில்லையா என்று மாணவிகள் கேட்பதுண்டு. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ என்ற நூல் இதைத்தான் ஆராய்ந்தது. அங்கே இரும்பு அடுப்பு வந்தபோது விறகு தேவைப்படுவது குறைந்தது. விறகு வெட்டுவது ஆண்களின் வேலை. மிச்சமானது அவர்களுடைய நேரம். ஒரே அடுப்பில் பல பண்டங்கள் சமைக்க முடிந்ததால் பெண்ணின் சமையல் விரிந்துகொண்டே போனது. நம் வீடுகளிலும் பாருங்கள். அம்மியில் அரைத்த நாளில் ஒரு சட்னி போதுமானதாக இருந்தது. மிக்சி வந்தபின் தேங்காய், தக்காளி, புதினா என்று மூன்று. முன்பு பண்டிகைக்கு மட்டும் எண்ணெய்ச் சட்டி வைத்தோம். இப்போது பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குத் தினமும் மாலையில் ஏதாவது செய்து வைக்காதவள் பொறுப்பில்லாதவள்.

அதற்காக அம்மியும் ஆட்டுக்கல்லும்தான் உயர்வு என்று பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியபோது, ‘இலவசம் சோம்பேறி ஆக்கும்’ என்று ஏளனம் செய்த குரல்களில் ஆட்டுக்கல் முன் உட்கார்ந்த குரல் எத்தனை இருந்திருக்கும்? பகலெல்லாம் கூலி வேலை செய்துவிட்டு வந்து மாவாட்டிய பெண்ணுக்கு அந்த இயந்திரம் முதுகுக்குக் கிடைத்த ஓய்வு. எனக்கு இயந்திரத்தின் மேல் புகார் இல்லை. அது மிச்சம் பிடித்த நேரம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி. 2019இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடங்கள். அப்படி ஈடுபடுகிற ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். இத்தனை மிக்சியும் குக்கரும் வந்த பிறகான கணக்கு இது.

அதனால் கருவி வாங்கும்போது வாட்டையும் வாரண்டியையும் கேட்பதோடு இன்னும் சிலவற்றையும் கேட்கலாம். இதில் எத்தனை பாகங்களைக் கழற்றிக் கழுவ வேண்டும்? கழுவப்போவது யார்? இது வந்தால் ஒரு வேலை குறையுமா, அல்லது வீட்டாரின் எதிர்பார்ப்பு ஒன்று கூடுமா? வீட்டில் இன்னொருவர் கையும் இதைத் தொடுமா? என் தோழி ஒருத்தி சாண்ட்விச் டோஸ்டரை வாங்கி, அதைச் சமையலறையில் வைக்காமல் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். பசித்தவர் போட்டுக்கொள்ளட்டும் என்றாள். கருவியை எங்கே வைக்கிறோம் என்பதிலும் அரசியல் இருக்கிறது.

மீண்டும் கடைக்கு வருகிறேன். அம்மா தானாகவே முன்னால் போய், “பெட்டியப் பிரிச்சுக் காட்டுப்பா, கையில பிடிச்சுப் பாக்கணும்” என்றார். மேலே கைப்பிடி வைத்துத் திருகும் அச்சு அது. அழுத்த வேண்டியதில்லை என்பதால் மணிக்கட்டுக்கு நல்லதுதான். பளபளப்பான ஒன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். கைப்பிடி சிறியது, நாலு ஈடு பிழிவதற்குள் உள்ளங்கையை அறுத்துவிடும். திருகின் இடுக்கில் மாவு ஏறினால் ஊற வைத்தாலும் போகாது. நீளக் கைப்பிடி உள்ள இன்னொன்றை எடுத்துக்கொண்டார். அந்த இளைஞர் அதன்பிறகு அம்மாவிடம்தான் பேசினார்.

காபி மேக்கரை நாங்கள் வாங்கவில்லை. கண்ணாடி ஜாடி, வடிகட்டி, அதன் கூடு, மூடி என்று கழுவ வேண்டியதை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டி, “யார் கழுவுவது?” என்று கணவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப பழைய ஃபில்டரே இருக்கட்டும், நானே போடறேன்” என்றார். முதல் வாரத்தில் மூன்று நாள் மறந்தார். அந்த மூன்று நாளும் நான் காபி இல்லாமல் கல்லூரிக்குப் போனேன். எழுந்து போய் நானே போட்டுவிடாமல் இருப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. அந்தப் பழக்கம் என்னிடமும் இருக்கிறது. பொடி அடைத்துக்கொண்ட துளைகளைத் தீயில் காட்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதை அம்மாவுக்குப் போன் செய்து கேட்டுத் தெரிந்துகொண்டார். ஈரப் பொடியைச் சிங்க்கிலேயே கொட்டிவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை.

பொங்கலுக்கு அம்மா வந்திருந்தார். கணவர் நீட்டிய டவராவை வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“இது முதல் டிகாஷனா மாப்பிள்ளை?”

ஆமாம் என்றார். அம்மா மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆற்றாமல், சூடாகவே குடித்து முடித்தார்.