ஒரே மண்ணின் இரு நூல்கள்

கோலா சிலாங்கூர் வட்டாரத்துக்கு உலக இலக்கியத்தில் ஓர் இடமுண்டு என்று சொன்னால் நம் தோட்டத்து நண்பர்கள் நகைப்பார்கள். ஆயினும் அது மெய். 1905ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்து, ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர்த் தோட்டம் கண்ட ஹென்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர், பின்னாளில் "மலேசி" என்றொரு நாவல் எழுதி, 1930இல் தம் நாட்டின் பெருமைமிக்க கொன்கூர் பரிசைப் பெற்றார். மறு ஆண்டே அது 'மலாயாவின் ஆன்மா' எனப் பொருள்படும் பெயருடன் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. 1917இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வாணிபப் பயிராக முதன்முதல் நட்டவரும் இவரே. இன்று நாம் கணக்கெழுதிப் பிழைப்பது அந்தப் பயிரை நம்பித்தான்; ஆதலால் அவர் நூலை ஒருவித நன்றிக் கடனோடுதான் கையிலெடுத்தோம்.

நூல் அழகியது, அதை மறுப்பதற்கில்லை. மலாய்ப் பந்துன்களை நூலாசிரியர் உள்ளன்போடு பயின்றவர் என்பது தெளிவு. லெஸ்காலே, ரோலன் என்னும் இரு பிரெஞ்சுத் துரைமாரின் நட்பும், காடும், மழையும், ஸ்மாயில் என்ற மலாய் இளைஞன் ஆமோக் வெறிகொண்டு எழுவதும் படிப்பவரை விடாமல் பற்றுகின்றன. தமிழரும் அதில் உண்டு. எவ்வாறெனில், பங்களா வராந்தாவில் சாய்ந்திருப்பவர் கண்ணுக்கு எவ்வாறு தெரிவார்களோ அவ்வாறு. துரைமாரின் ஆன்மாவை அத்தனை நுட்பமாய்த் துருவிய பேனா லயத்து வாசற்படியிலே நின்றுவிடுகிறது. அந்த வாசலுக்குள் அடுப்பு எரிந்ததா, எத்தனை கைகள் உழைத்து அது எரிந்தது என்பது அந்நூலின் கவலையன்று.

அக்கைகளிற் சில மிகச் சிறியவை. பொழுது புலருமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டுத் தாயும் தந்தையும் மரம் வெட்டச் செல்ல, அவர்கள் பின்னே மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் எடுக்கவும் பிள்ளைகள் சென்ற காலம் அது. கூலி போதாத வீட்டில் பிள்ளையின் விரலும் கூலிக்குத்தானே! 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைத்தே தீரவேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம். வைத்தார்கள். ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர். அந்த ஆசிரியரும் பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோதான்.

நிற்க. இம்மண்ணில் விளைந்த இன்னொரு நூலும் உண்டு. அதற்குப் பரிசில்லை, பெயருமில்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் வகுத்த கோரிக்கைப் பட்டியலே அது. அதை இலக்கியமென்று சொல்வது மிகையாகத் தோன்றலாம். ஆனால் பொறுமையோடு படித்துப் பார்க்கவேண்டும். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, 10, 12 மணி நேர வேலைக்கு முடிவு, முறையான வைத்தியம், கள்ளுக்கடை மூடல், பெண்களின் மானத்துக்குக் காப்பு, சங்கம் கூடும் உரிமை; இவற்றின் நடுவே, பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி. இவற்றோடு, துரையின் முன்னும் கிராணிமாரின் முன்னும் சைக்கிளை விட்டு இறங்காமற் செல்ல அனுமதி வேண்டும் என்றொரு வரி! ஒரு முழு நாவல் சொல்லாத தோட்டத்து வாழ்வை இந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. தமிழ்ப் பத்திரிகை வாசிக்கக் கற்று, காந்தி குல்லா அணிந்து, சொந்தச் சைக்கிள் வாங்கிய இளந்தலைமுறையின் குரல் அது.

பட்டியலிலும் குறையுண்டு. பிள்ளைகளை வேலையிலிருந்து நீக்குக என்று நாம் படித்த பட்டியலில் எங்கும் சொல்லவில்லை. பள்ளியைக் கேட்டார்கள், மங்கைக் கீழே வைக்கச் சொல்லவில்லை. ஆயினும் கூலியையும் வேலை நேரத்தையும் பள்ளியையும் ஒரே தாளில் வைத்தார்களே, அதில்தான் அவர்களுடைய அறிவு இருக்கிறது. தந்தையின் கூலி உயராமல் பிள்ளை பள்ளிக்குப் போகாது என்பதை, சட்டம் எழுதிய அறிஞரினும் அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. முன்னின்ற ஆர். எச். நாதன் 1941 மே மாதத்தில் கைது செய்யப்பட்டுப் பின்பு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. தொழிலாளர் ஐவர் சுடப்பட்டு மாண்டனர். போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை இளைஞர் கள்ளுக்கு எதிராக எழுந்தபோதும் தோட்டத்து வறுமைக்கு எதிரான அதே போர்தான் தொடர்ந்தது.

நம் கதாசிரியர்களோ இவ்விளைஞரை அதிகம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அவர்கள் படைக்கும் தோட்டத்துப் பிள்ளை அழும், இரங்கத்தக்க ஓர் ஆசிரியர் வந்து கண்ணீர் துடைப்பார், கதை முடிந்துவிடும். அழுகையை நாம் குறை கூறவில்லை. ஆனால் சைக்கிளில் நிமிர்ந்து சென்ற அண்ணன் அக்கதையில் எங்கே போனான்?

கிராணி உத்தியோகம் பார்க்கும் நமக்கு அப்பட்டியலைப் படிப்பது சுகமான காரியமல்ல. வெள்ளைத் துரைமாரோடு, துரைமாரைப் போலவே நடந்த கறுப்புத் தோல் உத்தியோகஸ்தரையும் அது குற்றக்கூண்டில் ஏற்றுகிறது. ஆங்கிலப் பள்ளியில் படித்து நாற்காலி பெற்றவர் நம் வர்க்கத்தார். செக்ரோல் எழுதியவரும் நாமே.

சிறார் வேலை பற்றி 1966ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. தொடக்கக் கல்வியும் 2003 முதல் கட்டாயமாயிற்று. நம் பிள்ளைகள் பெரும்பாலும் தோட்டத்தை விட்டே போய்விட்டார்கள். இப்போது குலை வெட்டுவோர் வேறு தேசத்தார். சென்ற மாதம், உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு தாயின் பின்னே சிறுவனொருவன் சாக்கை இழுத்துச் செல்வதைக் கண்டோம். பள்ளியில் சேர்க்க அவனிடம் பத்திரமில்லை என்றார் மண்டோர். அவன் பொறுக்கிய பழம் தாயின் எடையோடு சேர்ந்துவிட்டது. மாலையில் அந்த எடையை அவள் பெயருக்கு நேரே நாம்தான் எழுதினோம்.