சட்டத்துக்குள் வறுமை

கார்ல் ஸ்பிட்ஸ்வெக் 1839இல் வரைந்த 'ஏழைக் கவிஞன்' ஓவியத்தைப் பார்க்கிற யாருக்கும் முதலில் சிரிப்புத்தான் வரும். ஒழுகும் கூரையடியில் ஒரு பரண் அறை. மேலே குடை விரித்துத் தொங்குகிறது. தரையில் மெத்தை, தலையில் குல்லா, வாயில் இறகுப் பேனா. விரல்களைக் குவித்து ஆள் அசை பிரிக்கிறாரா, பூச்சி நசுக்குகிறாரா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. சுவரில் அறுசீரடியின் வாய்பாடு வேறு கிறுக்கியிருக்கிறது. காரிகையை உருப்போட்ட நாட்களில் நானும் விரலை மடக்கிக்கொண்டே திரிந்தவன். அதனால் அசை என்ற கட்சியில் சேர்ந்துகொள்கிறேன்.

சிரித்து முடித்த பிறகு அடுப்பைப் பாருங்கள். வெளியே கூரைகளில் பனி. உள்ளே அடுப்பு எரியவில்லை. புகைக்குழாயில் தொப்பி மாட்டியிருக்கிறது. அடுப்பு வாயில் காகிதங்கள். கட்டின்மேல் லத்தீனில், 'என் படைப்புகள், 3ஆம் கட்டு' என்ற பொருளில் எழுத்து. அப்படியானால் 1உம் 2உம் எங்கே போயின? எரித்தாயிற்று என்றுதான் வாசிக்கத் தோன்றுகிறது. எழுத்து இங்கே விறகு. இந்த ஓவியத்தின் கொடூரமான குறி இதுதான், குடை அல்ல.

ஆனாலும் குளிர் நம்மைத் தொடுவதில்லை. சன்னல் வெளிச்சம் இதமாக விழுகிறது. பழுப்பு நிறங்கள் அறையைப் போர்த்திவிடுகின்றன. இந்த இதம் கவிஞனுடையது அல்ல, பார்ப்பவனுடையது. பசி என்ற அரசியல் பிரச்சினையை ஒரு ஆளின் கிறுக்குத்தனமாக மாற்றிக் கொடுக்கிறது படம். மத்தியதர வர்க்கம் இதைத் தன் வீட்டுச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டதில் வியப்பென்ன? எழுதுகிற நமக்கும் இந்தக் கவிஞனைப் பிடித்துப்போகிறது என்பதுதான் சங்கடம்.

1976இல் ஊலாய் என்ற கலைஞர் பெர்லின் அருங்காட்சியகத்திலிருந்த இதன் இன்னொரு வடிவத்தைப் பட்டப்பகலில் தூக்கிக்கொண்டு ஓடினார். க்ராய்ட்ஸ்பெர்க்கில் ஒரு துருக்கியக் குடியேறிக் குடும்பத்தின் வீட்டுச் சுவரில் மாட்டினார்; அருங்காட்சியக இயக்குநரையும் தொலைபேசியில் கூப்பிட்டார். எத்தனையோ கட்டுரைகள் செய்யாத விமர்சனத்தை இது செய்தது: வரைந்த வறுமைக்குக் காவல், வாழ்கிற வறுமைக்கு என்ன?

எனக்கு ஒரு நெருடல் உண்டு. ஓவியரின் பெயர் தெரியும், திருடியவர் பெயர் தெரியும். அந்தக் குடும்பமோ இந்தக் கதையில் வெறும் சுவராக நிற்கிறது. படம் வந்து மாட்டப்பட்டபோது அவர்கள் என்ன பார்த்தார்கள்? அவர்களுக்கும் சிரிப்பு வந்ததா? ஊலாய் படத்தின் சட்டத்தை இடம் மாற்றினாரே தவிர, பார்க்கும் அதிகாரத்தை அவர்களிடம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

பெர்லின் வடிவம் 1989இல் மறுபடி திருடு போனது. இன்னும் கிடைக்கவில்லை. மியூனிக்கில் இருப்பதைப் போய்ப் பார்க்கலாம், அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு.